மழைக்காலத்தில் வீட்டையே குதறும் நாயைச் சமாளிப்பது எப்படி?

லாப்ரடாரோ சிப்பிப்பாறையோ, ஓடியாடும் இனத்து நாயை வீட்டுக்குள் அடைத்துவைத்தால் அதன் வாய் சும்மா இருக்காது. நம் குமரி மாவட்டத்திலோ ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. வருஷத்தில் பாதி நாள் காலை நடை போக முடியுமா என்பதே சந்தேகம். செருப்பு, சோபா, மெத்தை என்று ஒவ்வொன்றாகப் போவது பெரும்பாலும் அப்போதுதான்.

1. ஏன் கடிக்கிறது என்று பாருங்கள்

குட்டிக்கு மூன்று, நான்கு மாதத்தில் பால் பற்கள் விழத் தொடங்கும். ஆறு, ஏழு மாதம் வரை ஈறு நமைச்சலில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். வளர்ந்த நாய் கடித்தால் பெரும்பாலும் பொழுது போகாமல்தான். நீங்கள் வெளியே போனால் மட்டும் கதவைப் பிறாண்டி ஊளையிடுகிறதா? அது சேட்டையல்ல, தனிமைப் பயம். போனில் வீடியோவை ஓடவிட்டுக் கடைக்குப் போய்வாருங்கள், தெரிந்துவிடும். அப்படியென்றால் இந்தப் பதிவு மட்டும் போதாது, கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள்.

2. எட்டாத இடத்தில் வையுங்கள்

செருப்பு அலமாரிக்குள், ரிமோட் உயரத்தில். ரப்பர் தோட்டத்து வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஒட்டுப்பால், அதாவது சிரட்டையில் உறைந்து ஒட்டிய ரப்பர்பால், அதன் நாற்றம் நமக்குக் குமட்டும், நாய்க்கு அதுதான் விருந்து. விழுங்கினால் குடலை அடைத்துவிடும். ரப்பர் ஷீட்டுக்குப் பாலை உறையவைக்க ஊற்றும் ஆசிட் பக்கமும் விடாதீர்கள். பச்சை மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் கூடாது, அதில் சயனைடு உண்டு.

3. மூக்குக்கு வேலை கொடுங்கள்

சங்குத்துறை கடற்கரை மணலில் விரட்டி விரட்டி ஓடவிட்டால் களைத்துப் படுத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓடட்டும், நல்லதுதான். ஆனால் தினமும் அது மட்டும் என்றால் நாய்க்குத் தெம்புதான் கூடும், போகப்போக அந்த ஓட்டம் பற்றாது. மோந்து தேடும் வேலை வீட்டுக்குள்ளேயே நாயைக் களைப்பாக்கும்.

சாளை (மத்தி) மீனை உப்பு, மிளகாய் எதுவும் சேர்க்காமல் வேகவையுங்கள். முள்ளை நீக்கி உதிர்த்து, சோற்றோடு பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக்குங்கள். பழைய துவர்த்து (துண்டு) ஒன்றை விரித்து அங்கங்கே வைத்துப் பாய்போல் சுருட்டுங்கள். ஆரம்பத்தில் தளர்வாகவே சுருட்டுங்கள், மூக்கால் தள்ளினாலே விரிய வேண்டும். ருசி பழகியபின் இறுக்கிச் சுருட்டலாம், அப்புறம் நடுவில் ஒரு முடிச்சும் போடலாம். பக்கத்திலேயே இருங்கள். துணியைத் தின்னப் பார்த்தால் எடுத்துவிடுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டையும் தட்டில் கொட்டாமல் இப்படியே தேடவிடலாம். புளிக்காத தயிரை ஸ்டீல் கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுத்தால் நக்கி முடிக்க நேரம் பிடிக்கும். நக்கிக்கொண்டிருக்கும் நாய் தானாக அடங்கும்.

கதம்பையை, அதான் தேங்காய் மட்டையை, தூக்கிப் போட்டால் போதாதா என்பார்கள். கண்முன்னால் கொஞ்ச நேரம் கடிக்கலாம். நாரை விழுங்கத் தொடங்கினால் உடனே வாங்கிவிட வேண்டும். அதற்குத்தான் அடுத்த பாடம்.

4. 'விடு' பழக்குங்கள்

செருப்போடு ஓடும் நாயைத் துரத்தினால் அதற்கு அது விளையாட்டு. அதற்கு அவ்வளவாகப் பிடிக்காத பொம்மையில் தொடங்குங்கள். மீன் துண்டை மூக்கருகே நீட்டுங்கள். வாயைத் திறக்கும்போதே 'விடு' என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். உடனே பொம்மையைத் திருப்பியும் கொடுத்துவிடுங்கள். விட்டால் நஷ்டமில்லை என்று நாய்க்குப் புரிய வேண்டும், முக்கியமான விஷயமே இதுதான். கையில் மீன் இல்லாமலே சொல் கேட்கத் தொடங்கியபின் செருப்புக்கு வாருங்கள்.

5. பிறகு வந்து அடிக்காதீர்கள்

வீடு திரும்பி, கிழிந்த தலையணையைக் காட்டி அடித்தால் எதற்கு அடி என்றே அதற்குத் தெரியாது. தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறதே, தப்பு தெரிந்துதானே என்று கேட்பீர்கள். நாய்களை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தப்பே செய்யாத நாய்களும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைக் காட்டின. கடிக்கும்போதே பார்த்தீர்களா, 'விடு' சொல்லிக் அது கடிக்கலாம் என்கிற பொருளைக் கொடுங்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவது வேகத்தைச் சேர்த்துவைப்பதுதான். அவிழ்த்ததும் எல்லாம் ஒன்றாக வெளியே வரும்.

6. மழை விட்டதும் நடை

தரதரவென்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நின்று மோந்து பார்க்கட்டும், அவசரமில்லை. திரும்பியதும் துவட்டிவிட்டு, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தோட்டத்துப் புல்லுக்குள் புகுந்து வந்த நாயென்றால் வயிற்றுப் பக்கமும் பார்க்க வேண்டும்.