சிறு நகரத்தில் உருவப்பட ஸ்டுடியோ: நடத்தும் முறையும் வளர்க்கும் வழியும்

ஸ்டுடியோ என்றாலே கல்யாண ஆர்டர்தான் சோறு போடும் என்ற எண்ணம் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் வேரூன்றியிருக்கிறது. கல்யாணத்தில் ஒரே தடவையில் பெரிய தொகை கைக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியில் பெரும்பாலான வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை, மற்ற மாதங்களிலும் ஒரே முகூர்த்த நாளில் நான்கு பேர் அழைத்தால் ஒருவருக்குத்தான் போக முடியும். உருவப்படமோ ஆண்டு முழுவதும் நடக்கும் வேலை. குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்தும் சமயத்தில் கடைக்குள் வரும் குடும்பம், பள்ளிச் சேர்க்கைக்கும், மஞ்சள் நீராட்டுக்கும், தேர்வு விண்ணப்பத்துக்கும், வரன் பார்க்கக் கொடுக்கும் படத்துக்கும், தாத்தா பாட்டியின் அறுபதாம் கல்யாணத்துக்கும் அதே கடையைத் தேடி வரக்கூடும். இன்று வந்தவரிடம் எவ்வளவு வாங்கலாம் என்று பார்க்கும் கடையைவிட, அவர் குடும்பம் இனி எத்தனை முறை படியேறும் என்று பார்க்கும் கடைதான் நிலைக்கிறது. இடம் பிடிப்பது முதல் விலை வைப்பது வரை எல்லா முடிவுகளையும் அந்தக் கணக்கில்தான் எடுக்க வேண்டும்.

இடமும் ஒளியும்

கடை பார்க்கப் போகும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் அறையின் நீளத்தை அளந்துவிடுங்கள். கிராப் சென்சார் கேமராவில் (அதாவது, ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்ட கேமராவில்) 50 மி.மீ. லென்ஸை மாட்டி, ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க வேண்டுமானால், கேமராவுக்கும் அவருக்கும் இடையே சுமார் 15 அடி வேண்டும். அவருடைய நிழல் பின்திரையில் விழாமலிருக்க அவருக்குப் பின்னால் நான்கைந்து அடியும், நீங்கள் நின்று குனிந்து நிமிர இரண்டு அடியும் சேர்த்தால், ஏறத்தாழ 22 அடி நீளமுள்ள அறை தேவைப்படுகிறது. அவ்வளவு நீளம் கிடைக்காவிட்டால் 35 மி.மீ. லென்ஸ் கொண்டு 10, 11 அடியில் முழு உருவத்தை எடுத்துவிடலாம். ஆனால் அதே லென்ஸை வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் எடுக்க அருகில் போனால் மூக்கு பெருத்தும் காது சிறுத்தும் தெரியும். முகப் படத்துக்கு எந்த லென்ஸானாலும் ஐந்தாறு அடி தள்ளி நிற்பதே நல்லது. கூரையின் உயரம் பத்து அடியாவது இருந்தால்தான் விளக்கை முகத்துக்கு மேலிருந்து சாய்வாகக் கொடுக்க முடியும்.

சுவருக்கு வெள்ளை அல்லது சாம்பல் வண்ணம் அடியுங்கள். பச்சையோ ரோஜா நிறமோ அடித்த சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தில் அந்தச் சாயலை ஏற்றிவிடும். பிறகு கணினியில் அதை நீக்க உட்கார்ந்தால் சேலையின் நிறமும் சேர்ந்து மாறும். படம் எடுக்கும் நேரத்தில் டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

கருவிகளில் முதல் ஆண்டே பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. ஒரு கேமரா, 50 மி.மீ., 35 மி.மீ. என இரண்டு லென்ஸ்கள், இரண்டு ஃப்ளாஷ் விளக்குகள், விளக்கின் ஒளியை மென்மையாக்கிப் பரப்பும் ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ், ஒரு தெர்மோகோல் பலகை ஆகியவை போதும். சாஃப்ட்பாக்ஸை ஒரு பக்கத்தில் வைத்து, மறுபக்கத்து நிழலைத் தெர்மோகோலால் நிரப்பி, இரண்டாவது விளக்கைப் பின்திரைக்குக் கொடுத்தால், வரும் வேலைகளில் பெரும்பாலானவற்றை முடித்துவிடலாம். கையில் மீதமிருக்கும் பணத்தைப் புதிய கேமராவுக்குச் செலவிடுவதைவிட நல்ல பிரிண்டருக்கும், நிறம் சரிபார்க்கப்பட்ட மானிட்டருக்கும் செலவிடுவது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டு போவது பிரிண்டைத்தான்.

பாஸ்போர்ட் சைஸ் படம்

இதை அலட்சியமாகச் செய்யும் கடைகளே அதிகம். பத்து நிமிட வேலைதானே என்று விளக்கைக்கூட மாற்றாமல் எடுத்து, வெட்டி, உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் புதிய குடும்பம் ஒன்று உங்கள் கடையை முதன்முதலில் எடை போடுவது பெரும்பாலும் இந்த எட்டுப் படங்களை வைத்துத்தான். 35×45 மி.மீ. அளவில் ஒரு 4×6 அங்குலத் தாளில் எட்டுப் படங்கள் அடங்கும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களின் படத்தைச் சேவை மையத்திலேயே எடுத்துக்கொள்கிறார்கள் என்றாலும், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தைக் கொண்டு போக வேண்டும். அமெரிக்க விசாவுக்கு 2×2 அங்குலச் சதுரப் படம் வேண்டும், கண்ணாடியைக் கழற்றியே எடுக்க வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 35×45 மி.மீ.; ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். நீட் விண்ணப்பத்தில் 4×6 அங்குல அஞ்சலட்டை அளவுப் படமும் கேட்கப்பட்டதுண்டு. இந்த அளவுகளை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பதோடு, ஒவ்வொரு விண்ணப்பக் காலத்திலும் அந்தந்த அறிவிக்கையைப் படித்து அட்டையைத் திருத்த வேண்டும். இணையத்தில் ஏற்ற வேண்டிய படத்தைக் கேட்ட கிலோபைட் அளவுக்குச் சுருக்கி, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாகுமெண்டாக அனுப்புங்கள்; படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் தன் போக்கில் இன்னொரு முறை சுருக்கிவிடும்.

மூக்குக் கண்ணாடி அணிந்தவர்களின் படத்தில் விளக்கின் ஒளி கண்ணாடியில் வெள்ளையாகத் தெரிந்தால், விளக்கை இன்னும் உயர்த்துங்கள், அல்லது கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் சற்றே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து ஒளி கேமராவுக்கு வராமல் போகும். எண்ணெய் வழியும் நெற்றிக்கு டிஷ்யூ பேப்பரையும், கலைந்த தலைக்குச் சீப்பையும் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

குழந்தை, வரன் படம், முதியவர்

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பிறந்து பத்து நாளான சிசுவைக் கூடையில் சுருட்டிப் படுக்க வைத்து எடுக்கும் ஆசை பல இளைஞர்களுக்கு இருக்கிறது. நம் வீடுகளில் தீட்டுக் கழியும்வரை குழந்தையை வெளியே கொண்டுவருவதில்லை. திருஷ்டி படும் என்று படமெடுக்கவே தயங்கும் பாட்டிகளும் உண்டு. அவர்களோடு வாதாடுவதில் பயனில்லை. குழந்தை குப்புற விழும் நான்காம் மாதம், உட்காரும் ஏழாம் மாதம், முதல் பிறந்தநாள் ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாக வைத்து, முதல் முறை வரும்போதே மற்ற இரண்டுக்கும் தேதி குறித்துக் கொடுத்துவிட்டால், அந்தக் குடும்பம் ஓராண்டுக்கு உங்களோடு பிணைந்திருக்கும். படமெடுக்கும் நேரத்தைக் குழந்தை தூங்கி எழுந்து பால் குடித்த வேளையில் வையுங்கள். தாய்க்குத்தான் அந்த நேரம் தெரியும், உங்கள் வசதிக்கு மாற்றாதீர்கள். உயரமான மேடையிலோ கூடையிலோ வைக்கும்போது பெற்றோரின் கை குழந்தையின் மேல் இருந்தாக வேண்டும்; கையைப் பிறகு கணினியில் நீக்கிக்கொள்ளலாம். அப்படி நீக்கும் வேகத்தில் கன்னத்தில் இருக்கும் திருஷ்டிப் பொட்டையும் கறை என்று துடைத்துவிடக் கூடாது. அதை வைத்தவர் பெரும்பாலும் பாட்டியாகத்தான் இருப்பார். பிரிண்டைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

வரன் பார்க்கக் கொடுக்கும் படத்துக்கு அரை உருவம் ஒன்று, முழு உருவம் ஒன்று, இயல்பான உடையில் ஒன்று என்று மூன்று வேண்டும். பட்டுச் சேலையின் சரிகை ஒளியை வாரித் திருப்பும். மல்லிகைப் பூ வெளிறிப் போய் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியை, சற்றுக் குறைத்து எடுத்து, முகத்தின் வெளிச்சத்தை மட்டும் பிறகு கணினியில் ஏற்றிக்கொள்வதுதான் வழி. இங்கேதான் ‘கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க’ என்ற வேண்டுகோள் வரும். என் நிலைப்பாடு இதில் கறாரானது: பருவைத் துடைக்கலாம், கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்தைக் குறைக்கலாம், தோலின் நிறத்தை மாற்றக் கூடாது. மாநிறம் அழகாக விழுவது விளக்கு வைக்கும் முறையைப் பொறுத்தது. பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டிலிருந்து அருகில் கொண்டுவந்தால் கருத்த தோலில் வரும் மினுமினுப்பு, வெளுக்க வைத்த எந்தப் படத்திலும் வராது. வேண்டுகோள் வைப்பவரிடம் மறுப்புச் சொல்வதைவிட, அப்படி எடுத்த, வரன் படமல்லாத ஒன்றைச் சம்மதம் பெற்று 12×18 அங்குல அளவில் பிரேம் போட்டுக் கடையில் மாட்டி வைப்பது நல்லது. பெண் பார்க்க நேரில் வரப்போகிறவர்கள் படத்தோடு முகத்தை ஒப்பிடுவார்கள் என்பதையும் நயமாகச் சொல்லலாம். பாஸ்போர்ட், விசா படங்களில் இத்தகைய மாற்றம் விண்ணப்பத்தையே நிராகரிக்க வைக்கும்.

முதியவர்களின் படம் பலரும் கவனிக்காத துறை. ஒருவர் இறந்த மறுநாள், பத்தாண்டுக்கு முந்தைய கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக நின்ற படத்தைக் கொண்டுவந்து, தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி மாலை போடத் தரச் சொல்வது எல்லா ஸ்டுடியோக்களுக்கும் பழக்கமான வேலை. அந்தப் படம் ஒருபோதும் தெளிவாக வராது. இருக்கும்போதே நல்ல படம் எடுத்து வைக்கலாமே என்று நேராகச் சொன்னால் பெரியவர்கள் அபசகுனமாக நினைப்பார்கள். அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம், பேரக்குழந்தையின் முதல் பிறந்தநாள் என்று ஏதேனும் மங்கல நிகழ்ச்சியைச் சாக்காக வைத்து, தம்பதியாக ஒன்றும் தனித்தனியாக ஒவ்வொன்றும் எடுத்துவிடுங்கள். படியேற முடியாதவர்களுக்கு அவர்கள் வீட்டு வாசலிலேயே, திண்ணை நிழலில், தெர்மோகோலைப் பிடித்து எடுக்கலாம். அந்த ஒளிக்கு எந்த ஸ்டுடியோ விளக்கும் ஈடாகாது.

விலை வைப்பது

அடுத்த கடையில் என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டு அதில் பத்து ரூபாய் குறைப்பது விலை நிர்ணயம் ஆகாது. உதாரணமாக, மாத வாடகை 12,000, மின்கட்டணம் 3,000, உதவியாளர் சம்பளம் 15,000, கருவிகளின் தேய்மானம் 5,000, இதர செலவு 5,000 என்று வைத்துக்கொள்வோம். 40,000 ரூபாய் ஆகிறது. உங்களுக்கென 30,000 ரூபாய் சம்பளம் எழுதுங்கள், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மொத்தம் 70,000, மாதம் 26 நாள் கடை திறந்தால் ஒரு நாளைக்கு சுமார் 2,700 ரூபாய். எட்டுப் படத்துக்கு நூறு ரூபாய் வாங்கினால், தாள், மை செலவைக் கழிக்காமலேயே தினமும் 27 பேர் வர வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்தக் கூட்டம் வரலாம். ஐப்பசி மழையில் வராது. ஆகவே பாஸ்போர்ட் படம் ஆளை உள்ளே அழைத்து வரட்டும், வாடகையைக் குழந்தைத் தொகுப்பும் குடும்பப் படமும் பிரேமும் கட்டட்டும். பெரிய வேலைகளுக்குப் படமெடுக்கும் கட்டணத்தையும் பிரிண்ட் கட்டணத்தையும் தனித்தனியாக எழுதி, பாதித் தொகையை அட்வான்ஸாக வாங்கிய பிறகே தேதி கொடுங்கள்.

கோப்புகளும் உரிமையும்

ஒரு குடும்பம் திரும்பி வருவதற்குப் பழைய படம் உங்களிடம் பத்திரமாக இருப்பதைப் போன்ற காரணம் வேறில்லை. தேதி, பெயர், கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு கோப்புறைக்கும் பெயரிடுங்கள். இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்குகளில் படியெடுக்கும்வரை மெமரி கார்டை அழிக்கக் கூடாது. அவற்றில் ஒன்று கடையில் இருந்தால் மற்றொன்று வீட்டில் இருக்க வேண்டும்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவு பல ஸ்டுடியோக்காரர்களுக்கு வியப்பளிக்கும். பணம் கொடுத்து ஒருவர் தமக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவர்தான் முதல் உரிமையாளர், எடுத்தவர் அல்ல. எனவே வாடிக்கையாளரின் படத்தைக் கடை வாசலில் மாட்டவோ இன்ஸ்டாகிராமில் போடவோ எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். பில் புத்தகத்திலேயே அதற்கு ஒரு வரியும் கையெழுத்திட இடமும் அச்சிட்டுவிடலாம். இளம்பெண்களின் படத்துக்குச் சம்மதம் இருந்தாலும் ஒரு முறைக்கு இரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். வரன் பார்க்க எடுத்த படத்தை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே காட்டாதீர்கள். அந்த நம்பிக்கை ஒரு முறை போனால் அந்தத் தெருவே வராது.

வளர்ப்பது

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது இலவசம்; பெயர்ப்பலகையும் உட்புறமும் தெரியும் படங்களையும், சரியான நேரத்தையும் போட்டு, பிரிண்டை வாங்கி மகிழ்ந்து நிற்பவரிடம் அப்போதே மதிப்புரை கேளுங்கள். விளம்பரத்துக்குச் செலவிடுவதற்கு முன், சென்ற ஆண்டு முதல் பிறந்தநாளுக்கு வந்த குழந்தைகளின் பட்டியலை எடுத்து, இரண்டாம் பிறந்தநாளுக்குப் பதினைந்து நாள் முன்பு வாட்ஸ்அப்பில் வாழ்த்தோடு ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள்.

பள்ளி அடையாள அட்டைப் படங்கள் அடுத்த படி. ஒரு படத்துக்குக் கிடைப்பது சொற்பம் என்றாலும், ஒரே நாளில் பல நூறு குடும்பங்களின் முகவரியில் உங்கள் பெயர் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு வகுப்பின் முதல் படமாக வகுப்பும் பிரிவும் எழுதிய பலகையை எடுத்துக்கொண்டு, வருகைப் பதிவேட்டின் வரிசையிலேயே பிள்ளைகளை நிறுத்தி, வராதவர்களுக்குப் பதில் வெறும் பின்திரையை ஒரு முறை எடுத்துவிட்டால், பெயரும் முகமும் மாறிப்போகும் குழப்பம் இராது.

சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை இணையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். பணம் கேட்கும் இடைத்தரகர்களை நாட வேண்டாம். கடன் தேவைப்பட்டால் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும் வங்கியில் விண்ணப்பிக்கலாம்; மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களையும் விசாரியுங்கள். சேவைத் தொழில் என்பதால் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகிறது, ஆகவே முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு வரவுக்கும் பில் போடும் வழக்கம் வேண்டும்.

உதவியாளருக்கு முதலில் பிரிண்ட் எடுக்கவும் வெட்டவும், பிறகு டச்சப்பும், கடைசியாக விளக்கு வைக்கவும் கற்றுக் கொடுங்கள். இரண்டாவது கடையைப் பற்றி யோசிப்பது, மே மாதக் கூட்டத்தில் நீங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லாமலிருந்தும், எடுத்த படங்கள் திரும்ப எடுக்கும்படி வராமல் அவர் கடையை நடத்திக் காட்டிய பிறகு இருக்கட்டும்.