லீவுல பசங்க போட்ட லெமன் ஜூஸ் கடையும், காலியான எங்க வீட்டு சர்க்கரை டப்பாவும்

மே மாச லீவு வந்துட்டா எங்க வீட்டுல ரெண்டும் ஒரே மொபைலுக்கு அடிச்சுக்கும். பெரியவனுக்கு 11 வயசு, சின்னவளுக்கு 8. போன வருஷம் பெரியவன் வந்து "அப்பா, கீழ வாட்ச்மேன் ரூம் பக்கத்துல ஜூஸ் கடை போடட்டா"ன்னு கேட்டான், மதுரை வெயிலுக்கு ஓடாதா என்னன்னு நானும் சரின்னுட்டேன். எங்க அம்மாதான் "நம்ம பிள்ளைய ஜூஸ் விக்க விடுறியா, நாலு பேரு என்ன நினைப்பாங்க"ன்னு குதிச்சாங்க. கடைசில முதல் போணி பண்ணதும் அவங்கதான், அது வேற கதை.

லெமன் ஜூஸ் எப்படி போடுறதுன்னு இங்க எழுதப் போறதில்ல, அது தெரியாதவங்க யாரு. காசு கணக்குலதான் நாங்க சொதப்புனோம், அதனால அத மட்டும் விலாவாரியா சொல்றேன்.

1. முதல கடனா குடுங்க

முதல் நாள் நான் பண்ண தப்பு இதுதான். எலுமிச்சம்பழம், சர்க்கரை, கேன் தண்ணி எல்லாத்தையும் வீட்டுல இருந்தே எடுத்துக்கோங்கன்னு விட்டுட்டேன். க்ளாஸ் 10 ரூபான்னு 24 க்ளாஸ் வித்துச்சு, கல்லாவுல 240. ஆளுக்கு 120ன்னு பங்கு போட்டுட்டு ரெண்டும் ஒரே ஆட்டம். சாயங்காலம் டீ போட போன என் வீட்டம்மா சர்க்கரை டப்பாவ தட்டிப் பாத்துட்டு, "நல்லா சம்பாதிச்சாங்க, இத யாரு வாங்கித் தருவா?"ன்னு கேட்டாங்க பாருங்க, அப்பதான் எனக்கே உறைச்சது.

அன்னைக்கு ராத்திரி ரெண்டையும் உக்கார வச்சு, எடுத்த சாமானுக்கெல்லாம் கடை விலைய எழுதச் சொன்னேன். போட்டது 30 க்ளாஸுக்கு. பழம் 15, ஒண்ணு 6 ரூபா, ஆக 90. சர்க்கரை 600 கிராம், 27 ரூபா. தண்ணி கேன் 40. உப்பு, ஏலக்காய், டிஷ்யூ எல்லாம் சேத்து ஒரு 10. மொத்தம் 167. அப்ப லாபம் 240 இல்ல, வெறும் 73, ஆளுக்கு 36 ரூபா 50 பைசா. பெரியவன் ஒரு மணி நேரம் மூஞ்சிய தூக்கி வச்சிருந்தான், சின்னவ அழுதே அழுதுட்டா.

மறுநாள்ல இருந்து 200 ரூபாய கைல குடுத்து, இது கடன், சாயங்காலம் திருப்பித் தரணும்னு சொல்லிட்டேன். மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு கூட்டிட்டுப் போனேன், வாங்குனது அவன்தான். சொந்தக் கடன்னா பிள்ளைங்க பேரம் பேசுற விதமே வேற, நான் 6 ரூபாய்க்கு வாங்குன பழத்த இவன் 5க்கு வாங்கிட்டு வந்தான்.

2. ரெண்டு டப்பா வைங்க (இத மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க)

நோட்டுல எழுதிக் காட்டுனா பெரியவனுக்குப் புரியுது, சின்னவளுக்குப் புரியல. "240 இருக்குல்ல, அப்புறம் எப்படி 73"ன்னு திரும்பத் திரும்ப அதையே கேக்குறா. ரெண்டு நாள் மண்டைய உடைச்சுட்டு அப்புறம் ரெண்டு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் எடுத்தேன். ஒண்ணுல 'முதல்'னு எழுதி ஒட்டுனோம், இன்னொண்ணுல 'லாபம்'. விக்கிற காசு எல்லாம் முதல் பாட்டிலுக்குத்தான் போகணும், முதல் நாள் கணக்குப்படி 167 ரூபா சேர்ற வரைக்கும் லாப பாட்டில தொடவே கூடாது. 10 ரூபா க்ளாஸ்னா 17வது க்ளாஸ்ல முதல் வந்துடும், 18வதுல இருந்துதான் லாபம்.

இதுக்கப்புறம் யாரும் விளக்கவே தேவப்படல. 16வது க்ளாஸ் வித்ததும் சின்னவ கேட் கிட்ட நின்னு "அங்கிள் ஜூஸ், அங்கிள் ஜூஸ்"னு கத்த ஆரம்பிச்சுட்டா.

சில்லறைக்குன்னு நீங்க தனியா 100 ரூபா குடுத்தா அத எண்ணி முதல்லயே நோட்டுல எழுதிடுங்க. நாங்க எழுதல, அதையும் லாபத்துல சேத்து எண்ணிட்டாங்க. அந்த சில்லறை இல்லாமலும் முடியாது, காலைல வந்த மொத ஆளே 500 ரூபா நோட்ட நீட்டுனாரு.

3. விலை

அவங்களே வைக்கட்டும். நடுவுல ஒரு நாள், ஜூஸ் கடையில 20 ரூபான்னு பெரியவனும் 20 வச்சான், ஒரு மணி நேரத்துல போனது 4 க்ளாஸ். 15க்கு இறக்குனான், கடைசில 10. நான் வாயே திறக்கல.

4. பாத்திரம், ஐஸ்

பேப்பர் கப் வாங்கிடாதீங்க. உள்ள பிளாஸ்டிக் பூச்சு உள்ள கப்பெல்லாம் தமிழ்நாட்டுல 2019 ஜனவரில இருந்து தடை, பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் அதே லிஸ்ட்டுல இருக்கு. எவர்சில்வர் டம்ளர் 12, கழுவ ரெண்டு பக்கெட், போதும். செலவும் மிச்சம். ஸ்க்வீசர் எவர்சில்வர்ல வாங்குங்க, என்னைக் கேட்டா பிளாஸ்டிக்கு ரெண்டு நாள் தாங்காது, அலுமினியம் புளிப்புக்கு ஆகாது. ரொம்ப அழுத்திப் பிழிஞ்சா தோல் கசப்பு இறங்கிடும், பசங்க பழத்த மிச்சம் பிடிக்கிறேன்னு அதத்தான் பண்ணுவாங்க, பாத்துக்கோங்க.

ஐஸ் வீட்டு ஃப்ரிட்ஜ்ல போட்டதுதான் வேணும். மீனுக்கும் மத்ததுக்கும் போடுற, சாப்பிட ஆகாத ஐஸ்ல நீலக் கலர் சேக்கணும்னு 2018லயே எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி போட்டிருக்கு, அதுக்காக வெள்ளையா இருக்க கட்டி ஐஸெல்லாம் நல்ல ஐஸ்னு நம்பிட முடியாது.

5. ஜிபே, கடன்

பாதிப்பேர் ஸ்கேன் பண்ணுவாங்க, காசு உங்க ஃபோனுக்கு வரும், பாட்டில்ல ஒண்ணும் விழாது. எனக்கு மெசேஜ் வந்த உடனே என் பர்ஸ்ல இருந்து அதே காச எடுத்து பாட்டில்ல போட்டேன். ராத்திரி மொத்தமா குடுத்துக்கலாம்னு விட்டா பிள்ளைங்களுக்கு கணக்கு விட்டுப் போயிடும். "அப்புறம் தர்றேன்டா தம்பி"ன்னு குடிச்சுட்டுப் போறவங்க பேரு நோட்டுல ஏறணும். மூணாவது மாடி மாமாகிட்ட 20 ரூபா கேக்க பெரியவன் ரெண்டு நாள் வெக்கப்பட்டான், நான் போய் கேக்க மாட்டேன்னுட்டேன், மூணாவது நாள் அவனே போய் வாங்கிட்டு வந்தான்.

அப்டேட்: விக்காம மிஞ்சுனா என்ன பண்றதுன்னு நிறைய பேர் கமெண்ட்ல கேட்டிருக்கீங்க. மொத்தமா கலக்கி வைக்காதீங்க. சர்க்கரைப் பாகு மட்டும் ரெடியா இருக்கட்டும், ஆள் வந்ததும் பழத்த அறுத்துப் பிழியட்டும். மிஞ்சுன பழம் நாளைக்கு ஆகும்.

அப்டேட் 2: சேந்த காச எங்க போடுறதுன்னு ஒருத்தர் கேட்டாங்க. 10 வயசு ஆயிட்டா பிள்ளைங்க பேருலயே சேவிங்ஸ் அக்கவுண்ட் ஓபன் பண்ணி அவங்களே நடத்தலாம், போஸ்ட் ஆபீஸ்லயும் உண்டு, அங்க மினிமம் 500. பெரியவன் போஸ்ட் ஆபீஸ்ல போட்டான். சின்னவளுக்கு இன்னும் ஹார்லிக்ஸ் பாட்டில்தான்.

அப்டேட் 3: இத முதல்லயே எழுதியிருக்கணும். மதுரைக்காரங்க அழகர் ஆத்துல இறங்குற நாள்ல கடை போடாதீங்க. தெருமுனைல நீர்மோர் பந்தல் போட்டு பானகமும் மோரும் சும்மாவே குடுக்குறாங்க, 10 ரூபா குடுத்து யாரு உங்ககிட்ட வருவா? அன்னைக்கு எங்களுக்கு 3 க்ளாஸ்தான், முதலுக்கே மோசம். சின்னவ "நாமளும் சும்மா குடுப்போம்ப்பா"ன்னா. குடு, ஆனா அந்தக் காசு எந்த பாட்டில்ல இருந்து வரும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் ரெண்டு பாட்டிலையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, வாட்ச்மேன் தாத்தாவுக்கும் தெரு கூட்டுற அக்காங்களுக்கும் 5 க்ளாஸ் குடுத்தா. அப்புறம் அண்ணன்கிட்ட ஒரு க்ளாஸுக்கு செலவு எவ்வளவுன்னு கணக்குப் போடச் சொல்லி, 28 ரூபாய லாப பாட்டில்ல இருந்து எண்ணி எடுத்து முதல் பாட்டில்ல போட்டுட்டா.