டிகாஷன் கெட்டியா இறங்கணும்னா

நம்ம காரைக்குடி பக்கம் வீட்டுக் காபி சரியில்லன்னா முதல்ல தூள்மேலதான் பழி போடுவாங்க, ஆனா பாதி வீட்ல கோளாறு தண்ணியிலயும் அவசரத்துலயும்தான் இருக்கு.

நம்ம ஊருச் சம்பை ஊத்துத் தண்ணி குடிச்சுப் பழகின நாக்குக்கு போர் தண்ணிக் காபி இறங்காது. உப்புத்தண்ணில இருக்குற பைகார்பனேட் காபியோட இயல்பான புளிப்ப அடிச்சிரும், அப்புறம் சப்புன்னு ஒரு கசப்புதான் மிஞ்சும். அதனால காபிக்குன்னு தனியா ஒரு சொம்பு நல்ல தண்ணி எடுத்து வச்சிருங்க.

தூளு, பீபெரியும் (பழத்துக்குள்ள ஒத்தையா விளையிற உருண்டைக் கொட்டை) பிளாண்டேஷன் ஏ-யும் (கழுவிப் பதப்படுத்தின பெரிய அராபிகா கொட்டை) பாதிப்பாதி, சிக்கரி 15லேர்ந்து 20 சதவீதம், அதுக்கு மேல வேணாம். சிக்கரி ஒரு வேரு, நிறமும் கெட்டியும் குடுக்கும், கூடிப்போனா காபி வாசத்தையே மூடிரும். பாக்கெட்னா பின்னாடி திருப்பிப் பாருங்க, சிக்கரி 49 சதவீதம் வரைக்கும் போடச் சட்டமே இடம் குடுக்குது! கண் முன்னாடி அரைச்சுத் தர்ற கடைல வாரத்துக்கு ஆகுற அளவு மட்டும் வாங்குங்க.

இப்ப பில்டர். மேல் பாத்திரம் ஈரமில்லாம இருக்கணும். ரெண்டு பேருக்கு 25 கிராம் தூள் போட்டு, குடைய (பில்டரோட வர்ற காம்பு வச்ச ஓட்டைத் தட்டு) மேல வச்சு லேசா அமுக்குங்க, இறுக்கி அமுக்கினா சொட்டாது, அமுக்காமலே விட்டா தண்ணியா ஓடிரும். தண்ணி தளதளன்னு கொதிச்சதும் இறக்கி அரை நிமிஷம் விட்டு, முதல்ல தூள் நனையிற அளவு மட்டும் சுத்தி ஊத்திட்டு இன்னொரு அரை நிமிஷம் நில்லுங்க, இதத்தான் யாரும் செய்யிறதில்ல. வறுத்த காபிக்குள்ள கார்பன் டை ஆக்சைடு அடைஞ்சிருக்கும், அது வெளிய போனாத்தான் தண்ணி தூளுக்குள்ள சரியா இறங்கும். அப்புறம் மீதிய ஊத்துங்க, எல்லாம் சேத்து 150 மில்லி. தூள் தன் எடைய மாதிரி ரெண்டு மடங்கு தண்ணியக் குடிச்சிரும், அதனால கீழ 100 மில்லிதான் வரும், அது போதும். இருபது நிமிஷம் ஆகும். அஞ்சு நிமிஷத்துல மொத்தமும் விழுந்துட்டா அரைப்பு பெருசுன்னு அர்த்தம், அடுத்த தடவ கடைல சொல்லி நைசாக்குங்க. இறங்கலயேன்னு பில்டரத் தட்டாதீங்க, வண்டல் கீழ வந்துரும்.

அதே தூள்ல திரும்பத் தண்ணி ஊத்தி எடுக்குற ரெண்டாவது டிகாஷன முதல் டிகாஷனோட கலக்கவே கூடாது, விருந்தாளி வந்துட்டாங்கன்னா புதுசாவே போடுங்க ஆச்சி, நம்ம வீட்டுக் காபிக்கு ஒரு மரியாதை இருக்குல்ல.

பால் தண்ணி கலக்காதது, பொங்கி வந்தவுடனே எடுத்துரணும். டிகாஷன அடுப்புல வச்சுச் சூடு பண்ணாதீங்க, வாசம் பூராவும் ஆவியாப் போயிரும், ஆறிட்டா சுடுதண்ணிக்குள்ள கிண்ணத்தோட வைங்க. டபராவுல சர்க்கரை, அது மேல ஒரு பங்கு டிகாஷன், மூணு பங்கு பால், ரெண்டு ஆத்து ஆத்தினாப் போதும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைல பித்தளை பில்டர் பாத்து ஆசப்பட்டு வாங்குறவங்க, உள்ள ஈயம் (வெள்ளீயம்தான், காரீயம் இல்ல) பூசியிருக்கான்னு பாத்துட்டு, இல்லன்னா பூசிட்டுத்தான் புழங்கணும். ஓட்டை அடைச்சா எவர்சில்வர நெருப்புல காட்டி எடுக்கலாம், ஈயம் பூசினத அப்படிக் காட்டிராதீங்க, பூச்சு உருகிரும், ஊசியால குத்தி எடுங்க.