ரைமிங் பெல்ற் அறுந்தால்: எஞ்சினை மாற்றும் முன்பும் பின்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடிக்கொண்டிருந்த வான் கண்டி வீதியில் திடீரென நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்ராட்டர் வழமையைவிட வேகமாக, பாரமே இல்லாததுபோலச் சுற்றுகிறது. எஞ்சின் பிடிக்கவில்லை. கிராங்கின் சுழற்சியைக் காமுக்குக் கொண்டுபோகும் ரைமிங் பெல்ற் அறுந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். பெரும்பாலான நட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பற்றரி இறங்கும்வரை ஸ்ராட் அடிப்பார்கள், பிறகு நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள், அதுவும் சரிவராவிட்டால் கியரில் போட்டுக் கயிறு கட்டி இழுப்பார்கள்.

பெல்ற் அறுந்ததும் வால்வுகளைத் திறந்து மூடும் காம் ஷாப்ற் நின்றுவிடும், பிஸ்ரன்களோடு இணைந்த கிராங் மட்டும் சுற்றும். திறந்தபடி நின்றுபோன வால்வின் தலையில் பிஸ்ரன் வந்து அடிக்கும். அறுந்த கணத்தில் வால்வு வளைந்ததோடு நின்றிருக்கக்கூடிய சேதம், நீங்கள் மறுபடி சுற்றச் சுற்ற வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழும் அளவுக்குப் போகலாம். அப்போது ஹெட் (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேற்பகுதி) வேலையோடு முடிந்திருக்கக்கூடியது முழு எஞ்சின் வேலையாகிவிடும். ஆகவே சாவியை எடுத்துவிடுங்கள், கியரை நியூற்றலில் வையுங்கள். ஒட்டோ கியர் வாகனமென்றால் தூரத்துக்கு இழுக்காமல் லொறியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

எல்லா எஞ்சினிலும் இப்படி மோதாது. கொரோலாவில் வரும் 4ஏ-எஃப்ஈ, 5ஏ-எஃப்ஈ பெற்றோல் எஞ்சின்களில் பிஸ்ரனுக்கும் திறந்த வால்வுக்கும் இடையே இடைவெளி உண்டு. பெரும்பாலும் புதுப் பெல்ற் போட்டால் ஓடிவிடும். டீசலில் அந்த நம்பிக்கை வேண்டாம். டொல்பின் வானின் 2எல், 3எல், 5எல், கேடிஎச் ஹயஸின் 1கேடி, 2கேடி, மிற்சுபிசியின் 4டி56 எல்லாமே மோதுபவை. பெற்றோலில் ஹொண்டா சிவிக்கின் டி15, டி16 எஞ்சின்களும் அப்படியே. விற்ஸ், அக்ஸியோ போன்றவற்றின் 1என்இசட் எஞ்சினில் இருப்பது செயின். இங்கே இன்னும் ஓடும் மொறிஸ் மைனரிலும் செயின்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பல வருடங்கள் புது வாகனம் வராததால், பெல்ற் எஞ்சின் வைத்த பழைய வான்கள் இன்னமும் நாளாந்த வேலையில் இருக்கின்றன. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்.

மிகப் பெரிய தவறு, அளந்து பார்க்காமலே முடிவெடுப்பது. ஒரு பக்கம் "புதுப் பெல்ற் போட்டுப் பாப்பம்" என்பார்கள், மறுபக்கம் "எஞ்சின் போச்சு, ஜப்பான் எஞ்சின் இறக்குவம்" என்பார்கள். இரண்டுமே ஊகம். பெல்ற்றைப் போடாமலே சேதத்தை அறிய வழி இருக்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங்கை, முதலாம் பிஸ்ரன் உச்சிக்கு வரும் இடத்திலிருந்து 90 பாகை பின்னுக்குக் கையால் திருப்பி வைத்தால், நாலு பிஸ்ரனும் ஏறத்தாழ நடுவில் நிற்கும். இப்போது காமை எந்தப் பக்கமும் பயமின்றிச் சுற்றலாம். ஒவ்வொரு சிலிண்டராக இரண்டு பக்க வால்வும் மூடும் நிலைக்குக் காமைக் கொண்டுவந்து, பிளக் துவாரத்தாலோ இஞ்சக்ரர் துவாரத்தாலோ 20 முதல் 30 பி.எஸ்.ஐ. அளவில் காற்றுக் கொடுங்கள். பிஸ்ரன் நடுவில் நிற்பதால் காற்று கிராங்கைத் திருப்பப் பார்க்கும். அதைப் பூட்டி வைப்பது கட்டாயம். காற்று உள்ளெடுக்கும் குழாயில் சீறினால் இன்லெற் வால்வு வளைந்திருக்கிறது. சைலன்சரில் சீறினால் எக்ஸோஸ்ற் வால்வு. ஒயில் ஊற்றும் வாயில் பலமாக வந்தால் பிஸ்ரன், ரிங் பக்கம் சந்தேகம். ரேடியேற்றரில் குமிழி வந்தால், ஹெட்டுக்கும் சிலிண்டர் பிளொக்குக்கும் இடையிலுள்ள காஸ்கெற் பழுது, அல்லது ஹெட் வெடிப்பு.

சின்னக் கமராவை விட்டுப் பார்ப்பதும் நல்லது. ஆனால் 2எல், 3எல் போன்ற, எரிஅறை தனியாக உள்ள பழைய டீசல்களில் குளோ பிளக் துவாரத்தால் பிஸ்ரனின் தலை தெரியாது. "கமராவில் ஒண்டும் தெரியேல்லை" என்பது அங்கே ஒன்றையும் நிரூபிக்காது. காற்றுக் கசிந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். 4டி56 இல் காமுக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள ரொக்கர் ஆர்ம்கள் முதலில் முறிந்து வால்வுகள் தப்பிவிடுவதும் உண்டு. முறிந்த ரொக்கரைக் கண்டு எஞ்சினைக் கைவிட்டுவிடாதீர்கள், காற்றுப் பரிசோதனையைச் செய்யுங்கள்.

ஹெட்டைச் சூட்டோடு கழற்றினால் அது வளையும். முழுதாக ஆறிய பின், வெளி போல்ற்றிலிருந்து நடுவை நோக்கி, இரண்டு மூன்று தடவையாகத் தளர்த்த வேண்டும். கழற்றியதும் கண்ணுக்கு வளைவாகத் தெரியும் வால்வுகளை மட்டும் மாற்றுவது அடுத்த தவறு. ஒரு மில்லிமீற்றரில் நூறில் சில பங்கு வளைவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்த வால்வு சீற்றில் (மூடும்போது அது பதியும் வளையத்தில்) உட்காராது. சில மாதத்தில் எரிந்துவிடும். ஒவ்வொரு வால்வையும் உருட்டி டயல் கேஜில் (நுண்ணளவு காட்டும் முள் அளவியில்) பாருங்கள். அடிபட்ட வால்வின் தண்டு ஓடும் குழல், அதாவது கைட், வெடித்திருக்கலாம், அல்லது அகன்றிருக்கலாம். புது வால்வைப் பழுதான கைட்டில் போட்டால் ஒயில் குடிக்கும். சீல்கள் எல்லாம் புதிதாகவே போடுங்கள். லேத்தில் வால்வு அரைத்து முடிந்ததும் ஹெட்டைக் கவிழ்த்து, எரிஅறைக்குள் பெற்றோல் ஊற்றிச் சிறிது நேரம் விடச் சொல்லுங்கள். போர்ட்டுக்குள் ஈரம் இறங்கினால் வேலை முடியவில்லை.

பிளொக் பக்கம்: பிஸ்ரன் தலையில் விழுந்த சிறு தழும்பை, கூர் விளிம்பு இல்லாதபடி மழுக்கிவிட்டால் போதும். வெடிப்பு இருந்தாலோ ரிங் அசையாமல் இறுகியிருந்தாலோ பிஸ்ரன் போக வேண்டியதுதான். டீசலில் பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட்டும் வளையும், அதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு பிஸ்ரனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளொக் முகத்துக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று டயல் கேஜில் அளந்து எழுதுங்கள். ஒன்று மற்றவற்றைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் அந்தக் கொன்ரொட் வளைந்திருக்கிறது. இந்த அளவு இன்னொன்றுக்கும் வேண்டும்: இந்த டொயோட்டா டீசல்களுக்கு ஹெட் காஸ்கெற் பல கனங்களில் வரும், எது பொருத்தம் என்பதைப் பிஸ்ரன் உயரமே தீர்மானிக்கும். கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டால் ஒன்றில் பிஸ்ரன் தட்டும், அல்லது காலையில் ஸ்ராட் பிடிக்காது.

வால்வு முறிந்திருந்தால் துண்டு எங்கே என்று தேடுங்கள். உள்ளெடுக்கும் மனிபோல்டுக்குள் தங்கிய துண்டு, ஓட்டத் தொடங்கியதும் நல்ல சிலிண்டருக்குள் போய்விடும். ரேர்போ (புகைக் காற்றால் சுற்றி எஞ்சினுக்குக் காற்றுத் தள்ளுவது) இருந்தால் அதன் சில்லுகளையும் பாருங்கள். போல்ற் துவாரங்களில் தேங்கிய ஒயிலையும் தண்ணீரையும் காற்றடித்து எடுக்காமல் ஹெட்டை இறுக்கினால் பிளொக்கே வெடிக்கலாம்.

பெல்ற் ஏன் அறுந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போடும் புதுப் பெல்ற்றும் அதே வழியில் போகும். பெல்ற் ஒயிலில் ஊறியிருந்தால் காம் அல்லது கிராங் சீல் கசிகிறது. பற்கள் மட்டும் ஓரிடத்தில் உரிந்திருந்தால் பெல்ற் ஓடும் சில்லுகளில் (புலிகளில்) ஏதோ ஒன்று இறுகியிருக்கிறது. 4டி56 இல் உள்ளே இருக்கும் சின்னப் பலன்ஸ் பெல்ற் அறுந்து பெரிய பெல்ற்றுக்குள் சிக்குவது வழமை. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டி15, டி16 இல் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ற். எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். அதை ரேடியேற்றருக்கு ஊற்றுவதால் உள்ளே காரை படியும், பம்பின் சீலும் சீக்கிரம் தேயும். கூலன்ற் ஊற்றுங்கள், கலக்கக் காய்ச்சி வடித்த தண்ணீரைப் பாவியுங்கள்.

கேடிஎச் எஞ்சின்களில் பெல்ற்றை இறுக்குவது ஒயில் நிறைந்த ரென்சனர். அதை நிமிர்த்தி வைத்து மெதுவாக அமுக்கி, அது விரியாதபடி பூட்டு ஊசியைச் செருக வேண்டும். அவசரத்தில் அமுக்கினால் உள்சீல் போய்விடும். பெல்ற் போட்டு முடிந்ததும் ஸ்ராட்டரைத் தொடாமல் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் எல்லாம் திரும்ப நேராக வருகின்றனவா பாருங்கள். 2எல், 3எல் போன்ற பழைய டீசல்களில் டீசல் பம்ப் புலி ஒரு பல் தள்ளினாலே புகையும் தட்டல் சத்தமும் வரும். டாஷ்போர்டில் பெல்ற் லைற் இருந்தால், பெல்ற்றை மாற்றிய பிறகுதான் அதை அணைக்க வேண்டும்.

பிளொக் வெடித்திருந்தாலோ, சிலிண்டர் கீறுப்பட்டிருந்தாலோ, கொன்ரொட்டோடு கிராங்கும் பழுதென்றாலோதான் எஞ்சின் மாற்றுவதில் நியாயம். "ரிகொண்டிசன்" என்ற பெயரில் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலோ இங்கேயோ விற்கப்படுவது பெரும்பாலும் ஜப்பானில் கழற்றிய பாவித்த எஞ்சின், புதுப்பித்தது அல்ல. அதற்குள் இருக்கும் பெல்ற்றின் வயது யாருக்கும் தெரியாது. வெளியே இருக்கும்போதே பெல்ற், ரென்சனர், முன் சீல்கள், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் மாற்றுங்கள்; வானுக்குள் ஏற்றிய பிறகு அதே வேலைக்கு இரட்டிப்புக் கூலி. வாங்கும்போது கொம்பிரஷன் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள், ஒயில் மூடியின் உட்புறத்தில் கறுத்த சேறு இருந்தால் விட்டுவிடுங்கள். பற்றுச்சீட்டையும் சுங்கப் பத்திரப் பிரதியையும் கையோடு வாங்குங்கள். எஞ்சின் இலக்கம் மாறினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுச் சான்றிதழில் மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் வானை விற்கும் நாளில்தான் சிக்கல் தெரியும்.

முதல் ஸ்ராட்டுக்கு முன் டீசல் வராமல் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் லைற் அணையும்வரை சுற்றவிடுங்கள். பழுது பார்த்த எஞ்சினானாலும் இறக்கிய எஞ்சினானாலும் முதல் ஒயிலையும் பில்ற்றரையும் 1,000 கிலோமீற்றருக்குள் மாற்றிவிடுங்கள். அப்போதே கூலன்ற் மட்டத்தையும், பெல்ற் மூடியைக் கழற்றி சீல்களில் கசிவு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.