கட்டிலருகே ஒரு நோட்டு இருக்கட்டும்

என் அம்மா ஒரு தனியார் மருத்துவமனையில் 11 நாள் படுத்திருந்தார். டிஸ்சார்ஜ் அன்று வந்த பில்லில் ஓர் ஆன்டிபயாடிக் ஊசி மருந்து 14 குப்பி என்று இருந்தது. நாளுக்கு மூன்று வேளையாக 3 நாள் போட்டார்கள். நான்காம் நாள் காலையில் டாக்டர் அதை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றிவிட்டார். ஆக, 9 குப்பிதான். தேதியும் நேரமும் என் நோட்டில் இருந்தன. மீதி 5 குப்பிக்கான பணம் திரும்பி வந்தது. நோட்டு இல்லாதிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

எனவே சேர்த்த அன்றே எழுதத் தொடங்குங்கள். எந்த டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார், என்ன ஊசி போட்டார்கள், எதற்காக ரத்தம் எடுத்தார்கள், எப்போது அறை மாற்றினார்கள் என்ற அளவு போதும். துணைக்கு இருப்பவர் மாறினால் நோட்டும் கைமாற வேண்டும். மருந்தின் பெயர் புரியாவிட்டால் செவிலியரிடம் பணிவாகக் கேளுங்கள். விலை வைப்பவர் அவரல்லர்.

அறை எடுக்கும்போது வாடகையோடு நின்றுவிடாதீர்கள். பல இடங்களில் அறையின் தரம் உயர்ந்தால் டாக்டர் கட்டணமும் அறுவை சிகிச்சைக் கட்டணமும் கூடவே உயர்கின்றன. அதே கை, அதே கத்தி. இதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. பேக்கேஜ், அதாவது சிகிச்சைக்கு மொத்தமாக ஒரே கட்டணம் என்றால், அதில் எவை அடங்கும், எவை அடங்கா என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை அதுவரையான பில்லைக் கேளுங்கள். கடைசி நாளில் நோயாளி சக்கர நாற்காலியில் காத்திருக்க, யாருக்கும் கணக்குப் பார்க்க மனம் வராது.

மொத்தத் தொகை மட்டும் உள்ள தாள் பயன்படாது. ஒவ்வொரு பொருளும் தனித்தனியே குறித்த பில் வேண்டும். அதை நோட்டோடு ஒப்பிடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிய நாளுக்கு இரண்டு வாடகையும் விழுந்திருக்கிறதா? வராத டாக்டருக்குக் கட்டணம் இருக்கிறதா? பிரிக்காமல் திருப்பிக் கொடுத்த மருந்து கழிக்கப்பட்டதா? பேக்கேஜில் அடங்கிய கையுறையும் சிரிஞ்சும் மறுபடி வந்திருக்கின்றனவா? ஸ்டென்ட் (ரத்தக் குழாய்க்குள் வைக்கும் சிறு குழல்), செயற்கை மூட்டு போன்றவை வைத்திருந்தால், பெட்டியிலுள்ள பேட்ச் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் உள்ள பெயரும் ஸ்டிக்கரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சந்தேகம் நீடித்தால் கேஸ் ஷீட், அதாவது சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேளுங்கள். மருத்துவப் பதிவில் தன்னைப் பற்றி உள்ளதை அறிவது நோயாளியின் உரிமை என்று உலக மருத்துவச் சங்கத்தின் லிஸ்பன் பிரகடனம் 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே சொல்லிவிட்டது.

'தனியார்தானே, அவர்கள் விலை அவர்கள் விருப்பம்' என்று உறவினரே சொல்வார்கள். மருத்துவம் மற்றச் சந்தைகளைப் போன்றதல்ல என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதினார். சிகிச்சையைப் பற்றி டாக்டருக்குத் தெரிவது நோயாளிக்குத் தெரியாது. நம்பித்தான் உடலை ஒப்படைக்கிறோம். மூச்சுத் திணறும் அம்மாவை வைத்துக்கொண்டு நான் எந்தக் கடைக்குப் போய் விலை விசாரித்திருக்க முடியும்? மருத்துவமனை லாபத்தில் நடக்கலாம். ஆனால் அந்த இயலாமையின் மேல் விலை ஏற்றுவது அநியாயம்.

கவுண்டரில் சண்டை போடாதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தொகையைக் குறைக்க அதிகாரம் இராது. தவறான வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, நிர்வாக அதிகாரியிடம் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். உடனே கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், 'இந்த வரிகளுக்கு ஆட்சேபம் உண்டு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். என் பணம் அப்படித்தான் வந்தது, மூன்றாவது வாரத்தில்.