வானவெளியை மூடாதீர்கள்: பழைய வீட்டைக் காட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பூட்டிக்கிடந்த வீடு. அதை ஊரார் வந்து பார்க்கும் காட்சி வீடாக்கி, உள்ளே வருகிறவர் நூறு வருஷம் பின்னே போய்விட்டு வந்த மாதிரி ஆக்கவேண்டுமாம். இரண்டு தம்பிகள் லேப்டாப்பில் வரைபடம் காட்டினார்கள். முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை! அதே படத்தை ஒருகாலத்தில் நானும் வரைந்தவன்தான்.

டிக்கெட், கழிப்பறை, செருப்பு விடும் இடமெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. விட்டுவிடுகிறேன்.

வானவெளியை அடைப்பது

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகள் திண்ணை, தார்சா (முன்னறை), பட்டாசல் (கூடம்), ரெண்டாங்கட்டு, அடுக்களை என்று நீளமாகப் போகும். தெருவில் நின்றாலே புறவாசல் வெளிச்சம் தெரியும். நடுவில் வானவெளி, மேலே கூரையில்லாத முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போக, வாசல் காற்று உள்ளே வரும். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரம் காய்வதும் அந்தக் காற்றோட்டத்தில்தான்.

நான் எடுத்த முதல் வீட்டில் அதன்மேல் ஃபைபர் தகடு போட்டேன். புரொஜெக்டரில் படம் ஓட்டப் பகலிலும் இருட்டு வேண்டும், மிஷின் நனையக்கூடாது. திறப்பு விழாவில் நல்ல கைதட்டல். சித்திரை வந்தது. உள்ளே போனவர்கள் பத்து நிமிஷத்தில் விசிறிக்கொண்டே வெளியே வந்தார்கள். ஐப்பசி அடைமழையில் தகட்டின் ஓரமாகத் தண்ணீர் இறங்கிச் சுவரில் ஊறியது. பூச்சு பொருமி உதிர்ந்தது. அவசரத்தில் அதன்மேல் சிமெண்டை அப்பச் சொன்னவனும் நான்தான். ஈரம் வெளியே வர வழியில்லாமல், சுவருக்குள் செருகியிருந்த உத்தரத்தின் முனை உளுத்துப்போனது.

இதற்கிடையில், அந்த வீட்டில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட ஆச்சி ஒருத்தி பார்க்க வந்தாள். சுவரில் ஓடிய படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்து, "ஏய்யா, மழை எங்கன விழும்?" என்றாள். நாலு பக்கக் கூரை ஓரத்திலிருந்தும் தண்ணீர் கொட்டும் சத்தம், அண்டாவை வைத்து அதைப் பிடிப்பது, பிள்ளைகள் நனைந்து அடி வாங்குவது... லட்சக்கணக்கில் செலவழித்து, சும்மா கிடைத்திருக்கவேண்டிய அந்தக் காட்சியைத்தான் அடைத்திருக்கிறேன். தகட்டைப் பிரித்த கூலி தனி. இப்போது நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

காரைக்குடியை இங்கே கொண்டுவருவது

காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடித் தரைக்கல் அழகுதான், ஆத்தங்குடியில். இங்கே எங்கள் பத்தமடைக் கோரைப்பாயை விரித்து உட்காரச் சொல்லுங்கள். அதைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைத்து, புவிசார் குறியீடு வாங்கியது என்று பலகை எழுதி யாருக்கு என்ன லாபம்?

குரல் கொடுப்பது

எட்டயபுரத்தில் 1882-இல் பாரதி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. (எட்டயபுரம் 1986-இல் தூத்துக்குடி மாவட்டத்தோடு போய்விட்டது, எங்கள் வாயில் இன்னும் திருநெல்வேலிச் சீமைதான்.) அப்படிப்பட்ட வீட்டில் ஸ்பீக்கர் வைத்து ஒரு நடிகரைக் கர்ஜிக்கவிடலாம் என்று எனக்கே யோசனை சொன்னவர்கள் உண்டு. தெருப்பிள்ளை ஒன்று வந்து பாடட்டும், போதும்.

மெழுகுப் பொம்மை

வேண்டாம்.

மச்சுப்படி

மாடிக்கு ஏறும் படி இருட்டாகவே இருக்கட்டும். பிடித்து ஏறக் கயிறு கட்டுங்கள்.

"மழை பெஞ்சா வாரவங்க நனைவாங்களே, அண்ணாச்சி?" என்றான் தம்பிகளில் ஒருவன்.

"நனையட்டும்டே. கொடியில ரெண்டு துண்டு போட்டு வையி."