வாழைப்பழ மணமுள்ள பவேரியக் கோதுமை பியர்: வீட்டில் 20 லிட்டர்

தென் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்த கோதுமை பியரான ஹெஃபெவைசனில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் சேர்ப்பதில்லை, எல்லாம் ஈஸ்ட்டின் வேலை. அதனால் பவேரியக் கோதுமை பியர் ஈஸ்ட்டையே வாங்குங்கள். மற்ற பெரும்பாலான ஈஸ்ட்டுகளில் இந்த மணம் வராது.

கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய கோதுமை) 2.5 கிலோ, பில்ஸ்னர் மால்ட் (வெளிர்நிற பார்லி மால்ட்) 2 கிலோ. நொறுக்கி, 14 லிட்டர் வெந்நீரில் முதலில் 44 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் ஊறவிடுங்கள். ஈஸ்ட் கிராம்பு மணமாக மாற்றும் ஃபெருலிக் அமிலம் பிரிவது இந்தச் சூட்டில்தான். பிறகு 67 டிகிரியில் ஒரு மணி நேரம்.

பலரும் தடுமாறுவது வடிக்கும்போதுதான். கோதுமைக்கு உமி கிடையாது; மாவு களிபோல் இறுகி, குழாயில் சொட்டுக்கூட இறங்காது. கழுவிய நெல் உமி 200 கிராம் முன்பே கலந்துவிட்டால் சாறு தெளிவாக ஓடும்.

வடித்த தானியத்தை 75 டிகிரி வெந்நீரால் அலசி, சாறு கொதிக்கும்போது ஹாலர்டாவ் ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ) 25 கிராம் போட்டு, 60 நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆறவைத்து 18 டிகிரியில் ஈஸ்ட் சேருங்கள். 24 டிகிரியைத் தாண்டினால் வாழைப்பழம் மிஞ்சி, சாராய நெடியும் ஏறும்.

ஹைட்ரோமீட்டர் (திரவ அடர்த்தி அளவி) காட்டும் அளவு மூன்று நாள் மாறாமல் நின்றால் மட்டுமே பாட்டிலில் அடையுங்கள். பாட்டிலில் வாயு ஏற, லிட்டருக்குச் சர்க்கரை 8 கிராம். கனத்த பாட்டில் அவசியம், மெல்லியது வெடிக்கும்.